இரண்டாவது சக்கரம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கை எதற்கு இருக்கிறது என்றே அய்யாத்துரைக்கு விளங்கவில்லை. எதையும் தொட்டுப் பார்த்து வாங்க மாட்டேன் என்கிறார்கள். போனில் படம் பார்த்துச் செருப்பு வாங்குகிறார்கள். வந்ததும் கால் நுழையவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்கள். போனில் பார்த்து மாப்பிள்ளை எடுக்கிறார்கள். அதைத் திருப்பி அனுப்ப வழி தெரியாமல் முழிக்கிறார்கள். தக்காளியை ஒருவன் பையில் கட்டி பைக்கில் கொண்டுவந்து கொடுக்கிறான். அழுகல் எத்தனை என்று அவிழ்த்துப் பார்ப்பதற்குள் அவன் அடுத்த சந்தைத் தாண்டிவிடுகிறான்.

கேட்டால், "ஸ்டார் பாத்துத்தான் மாமா வாங்கினேன்" என்கிறாள் மருமகள். ஊர் பேர் தெரியாத எவனோ போட்ட ஸ்டாரை நம்புவாளாம். எழுபத்தொரு வயசு மாமனார் கையில் எடுத்து, பல் பல்லாகத் தடவிப் பார்த்து வாங்கி வந்ததை நம்ப மாட்டாளாம்.

சயான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். காலுக்கு நடுவில் ஒரு துணிப்பை. பைக்குள் பேப்பரில் சுற்றிய ஒரு அடி நீளச் செயின் துண்டும், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பல்சக்கரமும். மேலே வார்டில் அவர் மகன் தமிழ்செல்வன். அவனுடைய வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனிமேல் இல்லை.

திங்கட்கிழமை நடந்தது அது. தாராவியில் அவர்களுடைய முறுக்குப் பட்டறையில், மாவு பிசையும் மிஷினின் செயின் சக்கரத்தை விட்டு எகிறியது. என்ன சத்தம் என்று மூடியைத் திறந்து குனிந்தவன் கையிலிருந்த எண்ணெய்த் துணி செயினில் சிக்கி, துணியோடு கையும் உள்ளே போனது. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்தான். மிஷின் நாலு நாளாக ஆறிக் கிடக்கிறது. பட்டறைப் பெண்கள் அண்டாவில் கையால் பிசைந்து தோள்பட்டை விட்டுப்போய்க் கிடக்கிறார்கள்.

அன்றிலிருந்து தாராவியில் அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். கிழவர் பழைய இரும்பு விற்கிற பங்கார் சந்தில் வாங்கிவந்த பழைய சக்கரம்தான் பையன் விரலைத் தின்றது.

"ஓடுத மிஷின்ல கைய விட்டா எந்தச் சக்கரமும் தின்னத்தான் செய்யும்" என்பது அவர் பதில். நாலு நாளாக அதையே சொல்லிவந்தார். நேற்று ராத்திரி பூமாரி போன் பண்ணுகிறவரை அதில் அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

பூமாரி அவருடைய மகள். அம்பர்நாத்தில் அவளும் அவள் புருஷன் சுயம்புவும் அதே மாதிரி மிஷின் வைத்து அதே தொழில் செய்கிறார்கள்.

"யப்பா, நீங்க கொண்டாந்து குடுத்த சக்கரத்த இவிய மாட்டிட்டாவ" என்று சொன்னாள். "நாளைக்கு வெள்ளிக்கெழமயா, அஞ்சு மணி வரைக்கும் இங்க கரண்டு கெடயாது. கரண்டு வந்ததும் புதுச் செயினப் போட்டு ஓட்டிருவோம். அண்ணனுக்கு வலி எப்பிடி இருக்கு?"

ஆமாம். அய்யாத்துரை பங்கார் சந்தில் வாங்கியது ஒரு சக்கரம் அல்ல, ரெண்டு. ஒரே குவியலில், ஒரே கம்பியில் கோத்துக் கிடந்த ரெண்டு. ஒன்றை மகன் மிஷினுக்குக் கொடுத்தார். இன்னொன்றை, விபத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை லோக்கல் ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் யாருக்கும் தெரியாது. மகளுக்குக் கொடுக்கிறதை மருமகளிடம் சொல்லிக்கொண்டா கொடுப்பார்கள்?

இந்தச் சக்கரத்தில் குற்றம் இருந்தால் அந்தச் சக்கரத்திலும் இருக்கும். இன்றைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு அந்த மிஷின் பக்கத்தில் நிற்கப்போவது பூமாரி. சுயம்பு வெள்ளிக்கிழமைகளில் சரக்கு போட வெளியே போய்விடுவான்.

நேற்றே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஓட்டாதே என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், மகன் விரலைத் தான்தான் எடுத்தேன் என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும். இல்லாத குற்றத்தை எதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும்? "சரி, பாத்து ஓட்டு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு விடிய விடியத் தூங்கவில்லை.

"மாமா, இங்கனயா இருக்கீய?" மருமகள் கோகிலவாணி படியிறங்கி வந்தாள். நாலு நாளாக ஒரே சேலை மாதிரி இருந்தது, முகமும் அப்படித்தான். "மேல போங்க. அவிய ஒங்களக் கேக்காவ."

*

தமிழ்செல்வனின் கையில் சுற்றியிருந்த கட்டு ஒரு முட்டைக்கோசு அளவுக்கு இருந்தது. அதை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

"சாப்ட்டியளா யப்பா?"

"நான் சாப்டுதது கெடக்கட்டும். வலிக்கால?"

"வலி இல்ல. வெரலு அரிக்கி."

"எந்த வெரலு?"

"போன வெரலுதான்" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

அய்யாத்துரை ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் இல்லை, இன்னொரு சுவர்தான்.

"யப்பா, ஒண்ணு சொல்லுதேன். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"மூணு நாளாவே அது டக்கு டக்குன்னுச்சு. மாவு கெட்டியாவும்போதெல்லாம். செயினு பல்லு மேல ஏறி ஏறி எறங்குது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா ஏம்ல சொல்லல?"

தமிழ்செல்வன் கட்டைப் பார்த்தான். "நீங்க அம்புட்டு ஆசையாக் கொண்டாந்தீய. தொடச்சு, எண்ணெ போட்டு, பேப்பர்ல சுத்தி. எப்பிடிச் சொல்ல? தீவாளி கழியட்டும், சத்தமில்லாம மாத்திப்போடுவோம்னு இருந்தேன்."

அய்யாத்துரைக்கு ஏதாவது திட்ட வேண்டும்போல் இருந்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விடுங்க யப்பா. நல்லவேள, ஒண்ணோட போச்சு. ரெண்டா வாங்கிருந்தா கோகிலா இன்னொண்ணையும் எடுத்து மாட்டிருப்பா."

மடியிலிருந்த பையின் வாயை அய்யாத்துரை இறுக்கிப் பிடித்தார்.

மகன் சொல்லவில்லை. மகளும் அதே வயிற்றில் பிறந்தவள்தான். அவள் மிஷினும் டக் என்று சொல்லும். அப்பா கொண்டுவந்தது என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருப்பாள். மூடியைத் திறந்து, தானே குனிந்து பார்ப்பாள்.

வராந்தாவுக்கு வந்து போனை எடுத்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கு பேத்தி வைத்துக்கொடுத்த ஏற்பாடு: ரெண்டாம் நம்பரை அமுக்கினால் பூமாரி. அமுக்கினார். ஒரு பொம்பளைக் குரல் மராட்டியில் ஏதோ சொன்னது. பிறகு இந்தியில் அதையே சொன்னது. போன் அணைந்திருக்கிறதாம்.

அவருக்குத் தெரியும் அது. பூமாரி போனில் பேட்டரி செத்து ஆறு மாசமாகிறது. சார்ஜரைச் சுவரில் சொருகியிருந்தால்தான் அதற்கு உயிர். கரண்ட் போனால் போனும் போய்விடும். அஞ்சு மணி வரைக்கும் அந்த மராட்டிப் பொம்பளையிடம்தான் பேச வேண்டும்.

சுயம்புவின் நம்பர் கோகிலாவிடம் இருக்கிறது. கேட்டால் எதற்கு என்பாள்.

"நான் செம்பூருக்குப் போறேன் மாமா" என்றாள் கோகிலா, பின்னால் வந்து நின்று. "அங்க செயினு, சக்கரம் எல்லாம் விக்குத கடை ஒண்ணு இருக்காம். இன்னைக்கு வாங்கிட்டுப் போனாத்தான் ராத்திரிக்குள்ள மாட்டலாம். நீங்க வீட்டுக்குப் போயிப் படுங்க."

"நானும் வாரேன்."

"எதுக்கு?"

"ஒனக்கு என்ன தெரியும்? கடக்காரன் தகரத்தக் குடுத்து இரும்புன்னு சொல்லுவான்."

"கடக்காரன் இல்ல மாமா, கடக்காரி."

"அப்போ கட்டாயம் வாரேன்."

*

கடை செம்பூர் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், ஒரு சந்துக்குள் இருந்தது. அகலம் ஆறடிகூட இருக்காது. சுவர் முழுக்கப் பல்சக்கரங்கள், சிறியதிலிருந்து பெரியது வரை ஆணியில் மாட்டி, அப்பளக் கடை மாதிரி. கல்லாவில் ஸ்ரீலேகா. நாற்பத்தைந்து வயசு இருக்கும், மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டிருந்தாள். பாலக்காட்டுக் குடும்பம், அப்பா மகாதேவன் ஆரம்பித்த கடை. அவர் படம் சந்தன மாலையோடு சக்கரங்களுக்கு நடுவில் ஒரு சக்கரம்போல் தொங்கியது.

கடைக்குள் நுழைந்ததும் அய்யாத்துரை முதலில் பார்த்தது கடிகாரத்தை. நாலு அடிக்கப் பத்து நிமிஷம்.

"என்ன மிஷின்? மோட்டார் எத்தனை ஹெச்பி?" என்று கேட்டாள் ஸ்ரீலேகா.

கோகிலா போனில் எடுத்து வைத்திருந்த படங்களை நீட்டினாள். "முறுக்கு மாவு பெசையுதது. ரெண்டு ஹெச்பி. முக்கால் இஞ்ச் செயினு. சின்னதுக்குப் பதினேழு பல்லு, பெருசுக்கு அம்பத்தொண்ணு."

"பேஷ். எல்லாம் எண்ணிண்டே வந்திருக்கேளே." ஸ்ரீலேகா எழுந்து ரெண்டு மூன்று சக்கரங்களைக் கழற்றி மேஜைமேல் போட்டாள். "இங்க பாருங்கோ. இது ஜெர்மன் சரக்கு. இது உங்களுக்கு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?" என்று உடனே கேட்டார் அய்யாத்துரை. விலை கூடினதை வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரியை அவர் இதுவரை பார்த்ததில்லை. அதில் ஏதோ இருக்கிறது.

"முறுக்கு மாவுக்கு இத்தனை வேண்டாம், பெரியவரே. லூதியானா சரக்கே போறும். ஆனா எங்க மிச்சம் பிடிக்கலாம், எங்க பிடிக்கப்படாதுன்னு ஒண்ணு இருக்கு. பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள சின்னது மூணு சுத்து சுத்தும். தேயறது அதுதான். அதனால சின்னதை மட்டும் பல் இறுக்கினதா வாங்குங்கோ. தீயில பழுக்க வச்சு, எண்ணெயில முக்கி இறுக்கினது. பெரிசு சாதாவாவே இருக்கட்டும்."

"இறுக்கினதுன்னு எப்பிடிம்மா கண்டுபிடிக்க?" என்று கேட்டாள் கோகிலா.

ஸ்ரீலேகா மேஜையிலிருந்து அரத்தை எடுத்தாள். ஒரு சக்கரத்தின் பல்மேல் இழுத்தாள். கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றின்மேல் இழுத்தாள். அரம் கடித்து, வெள்ளைப் பொடி உதிர்ந்தது. "வழுக்கறது நல்லது. கடிக்கறது சாதா. எந்தக் கடையில வாங்கினாலும் இப்படிப் பார்த்து வாங்குங்கோ. அப்புறம் நடு ஓட்டை போட்டு ரெடியா வரதுக்கு விலை ஜாஸ்தி. ஓட்டை போடாததா எடுத்துண்டு, எதிர்த்த லேத்துப் பட்டறையில உங்க தண்டுக்குத் தக்கபடி துளைச்சுண்டா அதுலயும் மிச்சம்."

கோகிலா தலையாட்டினாள். நாலு நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

அய்யாத்துரைக்கு அது பிடிக்கவில்லை. "இரி" என்றார். பையைத் திறந்தார். பேப்பரைப் பிரித்துச் செயின் துண்டை எடுத்தார். "அரமும் கிரமும் கெடக்கட்டும். நான் எப்பிடிப் பாப்பேன்னு பாரு."

ஸ்ரீலேகா எடுத்து வைத்த புதுச் சின்ன சக்கரத்தின்மேல் தன் செயினைப் போட்டார். முதல் ரெண்டு பல்லில் உட்கார்ந்தது. மூன்றாவதில் லேசாகத் தூக்கியது. ஆறாவது பல்லுக்கு வந்தபோது செயின் பல்லுக்கு மேலேயே ஏறி நின்றது.

"பாத்தியாட்டி? ஒக்காரல. டூப்ளிகேட்டு."

பிறகு பைக்குள்ளிருந்து தன் சக்கரத்தை எடுத்தார். மகன் மிஷினிலிருந்து கழற்றியது. பல் இடுக்கில் எண்ணெயோடு காய்ந்துபோன ஏதோ ஒரு கறுப்பு இன்னும் இருந்தது. கோகிலா வேறு பக்கம் பார்த்தாள். அதன்மேல் செயினைப் போட்டார். ஒவ்வொரு கண்ணியும் ஒவ்வொரு பல்லில் வார்த்து ஊற்றினாற்போல் போய் உட்கார்ந்தது.

"இப்பிடி ஒக்காரணும். அன்னைக்கு அந்தச் சந்துல பன்னெண்டு சக்கரத்துல போட்டுப் பாத்தேன். இதுவும் இதுக்க ஜோடி..." சட்டென்று நிறுத்தினார். "இது மட்டுந்தான் ஒக்காந்துது. எவனும் என்னை ஏமாத்த முடியாது. நாப்பது வருசமா நான் இப்பிடித்தான் வாங்குதேன்."

ஸ்ரீலேகா சிரிக்கவில்லை. எழுந்து போய், சுருளிலிருந்து ஒரு புதுச் செயினைக் கொண்டுவந்தாள். கடை வாசல் நிலையில் ரெண்டு ஆணி இருந்தது. ஒன்றில் அவருடைய செயினைத் தொங்கவிட்டாள், இன்னொன்றில் புதுச் செயினை.

"எண்ணுங்கோ. இதுல பதினாறு கண்ணி. அதுலயும் பதினாறு."

கோகிலா விரல் வைத்து எண்ணினாள். பதினாறு. பதினாறு.

"இப்போ கீழ பாருங்கோ."

கீழே, புதுச் செயினின் நுனி ஒரு இடத்தில் நின்றது. அய்யாத்துரையின் செயின் அதற்கும் கீழே இறங்கித் தொங்கியது. மூணு நூல் இருக்கும். கால் இஞ்சுக்கு மேலேயே.

"ஒரு அடிக்கு மூணு நூல் வளர்ந்துபோயிருக்கு, பெரியவரே. கண்ணிக்குள்ள இருக்கற சின்ன ஆணியெல்லாம் தேஞ்சா செயின் இப்படி வளரும். புது சக்கரத்துல எப்படி உட்காரும்? இந்தப் பழைய சக்கரமும் எங்கயோ இதே மாதிரி வளர்ந்த செயினோட ஓடித் தேஞ்சது. பல்லைப் பாருங்கோ, அருவா மூக்கு மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சிருக்கு. தேஞ்சதும் தேஞ்சதும் சேர்ந்துண்டது. அதாக்கும் காரணம். கையால வச்சா உட்காரும். பாரம் ஏறினா அந்த வளைஞ்ச பல் கண்ணியை லேசுல விடாது. இழுத்துண்டு சுத்தும், அப்புறம் எகிறும்."

"நாப்பது வருசமா இந்த அளவுதான்" என்றார் அய்யாத்துரை மறுபடியும். குரல் அவ்வளவாக எழும்பவில்லை.

"அப்போ நாப்பது வருஷமாத் தேஞ்சதாப் பார்த்துப் பொறுக்கிண்டிருக்கேள்."

கோகிலாவுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்த வேகத்தில் அது வேறாக மாறி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கடிகாரத்தில் நாலே கால் தாண்டியிருந்தது. கடைக்கு வெளியே ஒரு ஆட்டோக்காரன் யாரையோ இந்தியில் திட்டிக்கொண்டிருந்தான். அய்யாத்துரை மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சின்ன வழிதான், ஆனால் வழி.

"அப்போ குத்தம் செயின்ல" என்றார். "வளந்துபோனது செயினுதான. சக்கரம் என்ன செய்யும்? இதே பழய சக்கரத்துல புதுச் செயினப் போட்டா ஒழுங்கா ஓடும்லா?"

கேட்டுவிட்டு மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஸ்ரீலேகா புதுச் செயினை ஆணியிலிருந்து எடுத்தாள். பழைய சக்கரத்தை ஒரு கம்பியில் சொருகி மேஜை விளிம்பில் இருந்த பிடியில் வைத்து இறுக்கினாள். செயினை அதன்மேல் போட்டு, ஒரு நுனியைத் தான் பிடித்துக்கொண்டு மறு நுனியை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களே இழுங்கோ. உங்க கையாலயே பாருங்கோ."

அவர் பிடித்தார். ஒரு கண்ணி உட்கார்ந்தது. இன்னொன்று உட்கார்ந்தது. மூன்றாவது பல்லின் தோளில் போய் நின்றது. நாலாவது காற்றில் இருந்தது.

"இன்னும் இழுங்கோ."

இழுத்தார்.

டக்.

கை அதிர்ந்தது. முழங்கை வரை ஏறியது அந்த அதிர்ச்சி. செயின் ஒரு பல் தாண்டி விழுந்திருந்தது.

டக்கு டக்குன்னுச்சு யப்பா.

"பழைய செயினோட ஓடினதைவிட இது மோசம்" என்றாள் ஸ்ரீலேகா. "அதுவாவது ஒரு வாரம் பத்து நாள் ஒட்டிண்டு ஓடியிருக்கும். தேஞ்ச சக்கரத்துல புதுச் செயின் ரெண்டு பல்லுல தொத்திண்டு நிக்கும். மாவு கெட்டியாகற வரைக்கும்தான் தாங்கும்."

"எத்தன நாளு தாங்கும்?"

"நாளா? முதல் மாவுக்கே சந்தேகம்."

அய்யாத்துரை செயினை விட்டார். அது மேஜையில் சரிந்து விழுந்தது.

"மாமா." கோகிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம மிஷின்ல புதுச் செயின் எப்ப போட்டோம்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா எதயும் கேக்க மாட்டீயளே நீங்க." அவள் பக்கத்தில் வந்தாள். "இதுக்க ஜோடின்னு ஏதோ சொல்ல வந்தீய. முழுங்கிட்டீய. மாமா, எத்தன சக்கரம் வாங்கினீய?"

அவர் பேப்பரை மடிக்க ஆரம்பித்தார். எதைச் சுற்ற எடுத்த பேப்பர் என்று மறந்துபோய், வெறும் பேப்பரையே நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"விக்கிறவ அப்பிடித்தான் சொல்லுவா" என்றார். "பழசு நல்லா இருக்குன்னு சொன்னா இவ புதுசு எப்பிடி விக்க? கம்பில மாட்டி ரெண்டு பேரு இழுத்தா எதுவும்தான் குதிக்கும். மிஷின்ல ஓடுதது வேற."

"பூமாரிக்குக் குடுத்தீயளா?"

"ஒனக்கு வேணும்னா வாங்கு. எனக்கு இதுல நம்பிக்க இல்ல."

"மாமா, குடுத்தீயளான்னு கேக்கேன்."

அவர் படி இறங்கிவிட்டார். பின்னால் கோகிலா கைப்பையைக் கவிழ்த்துப் போனைத் தேடும் சத்தம் கேட்டது. "பெரியவரே, உங்க செயின்" என்று ஸ்ரீலேகா கூப்பிட்டாள். அது ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நாற்பது வருஷமாக எந்தக் கடையிலும் அவர் அதை விட்டுவிட்டு வந்ததில்லை. அவர் திரும்பவில்லை.

*

சந்தின் முனையில் ஆட்டோக்கள் அடைத்துக்கொண்டு நின்றன. வண்டிகளுக்கு இடையில் உடம்பை ஒடுக்கி நடந்தார்.

போனில் சொல்கிற காரியமா இது? நேரில் போக வேண்டும். கழற்றிக் கையில் எடுத்து, பல் பல்லாகத் தடவிப் பார்க்க வேண்டும். தடவினால் தெரிந்துவிடும். செம்பூரில் ஏறி குர்லாவில் மாறினால் அம்பர்நாத். ஒன்றேகால் மணி நேரம், வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தால். சாயங்கால வண்டியில் ஏற முடிந்தால்.

ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஏரியாவில் அஞ்சு என்றால் அஞ்சரைக்குத்தான் கரண்ட் விடுவார்கள். சில நாள் ஆறுகூட ஆகும். சர்க்கார் ஆட்கள் எதைத்தான் சொன்ன நேரத்துக்குச் செய்திருக்கிறார்கள்? வாழ்நாளில் முதல்முறையாக அதில் அவருக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

டிக்கெட் வரிசையில் நின்றபடி ரெண்டை அமுக்கினார். மராட்டிப் பொம்பளை. அவள் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். அவள் குரல் இப்போது நல்ல குரலாக இருந்தது. சொல்லு தாயி, நீயே சொல்லிக்கொண்டிரு.

டிக்கெட் வாங்கிக்கொண்டு படியேறினார். பாலத்தின் மேலே வந்ததும் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடித்துக்கொண்டு போன ஒருத்தன், "சலோ சலோ, சாச்சா" என்று விரட்டினான். மறுபடி ரெண்டை அமுக்கினார்.

மணி அடித்தது.

முதலில் அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. பூமாரி எடுப்பாள், ஓட்டாதே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏன் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

பிறகுதான் உறைத்தது. மணி அடிக்கிறது என்றால் சார்ஜருக்கு உயிர் வந்துவிட்டது. கரண்ட் வந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தார். ஸ்டேஷன் கடிகாரத்தில் அஞ்சு அடிக்க இன்னும் ரெண்டு நிமிஷம் இருந்தது.

மணி முழுக்க அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அமுக்கினார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போன் பட்டறைச் சுவரில் எந்த இடத்தில் சொருகிக் கிடக்கும் என்று அவருக்குத் தெரியும். சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே, மிஷினிலிருந்து நாலடி தூரம். மிஷின் ஓடுகிற நேரத்தில் அங்கே பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது.

கீழே குர்லா பக்கம் போகிற வண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது.

"சக்கரத்துல ஒரு குத்தமும் இல்ல" என்று அய்யாத்துரை சொன்னார். பக்கத்தில் நின்ற பெண் தன்னிடம் பேசுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மணி அடிக்கும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் வெறும் பேப்பர் கிடந்த பையை இடுக்கிக்கொண்டு, "ஒரு குத்தமும் இல்ல, நல்லாத்தான் ஒக்காந்துது" என்று சொல்லியபடியே படியிறங்கினார். எழுபத்தொரு வயசுக்காரர் இறங்குகிற மாதிரி இல்லை அது.